பல்வங்கர் பாலுவின் வாழ்வும் நமக்கொரு பாடமும்

ஒருவனால் இன்னது இயலும், இன்னது இயலாது என்று அவனைச் சூழ்ந்தோர் முதலில் தீர்மானிக்கின்றனர். பின்னர் அத்தீர்மானத்திற்கு ஏற்றவாறே அவனுக்கு வேலை கொடுக்கின்றனர். கொடுத்த வேலையையே அவன் செய்து வருவதைக் கண்டு, தாம் தீர்மானித்தது சரியே என்று நிறைவடைகின்றனர். நாளடைவில் அவனும் அதனை நம்பிவிடுகிறான். பிறர் கையிலிருந்த அளவுகோல் அவன் உள்ளத்தினுள் புகுந்து, அவனுடைய சொந்த அளவுகோலாகவே அமைந்துவிடுகிறது. இவ்வியல்பு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கட்டும், எந்த இடத்தில் அக்கட்டு அறும் என்பதை அறிதற்குப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை தக்க சான்றாகும். ஆதலின் அவர் வரலாற்றை இங்கே சுருங்கக் கூறுவோம்.

பாலு 1870-களின் நடுவில் தார்வாரில் பிறந்தார். கொங்கண நாட்டிலுள்ள பல்வன் என்னும் சிற்றூரைக் குறித்தே பல்வங்கர் என்ற பெயர் அக்குடும்பத்திற்கு வந்தது. அவர்கள் சமார் குலத்தினர். தோல் தொட்டுத் தொழில் செய்வோர் என்று சொல்லி, இந்து சமூகத்தார் தீண்டாமல் ஒதுக்கி வைத்த குலங்களுள் அதுவும் ஒன்று. தந்தையார் படையைச் சார்ந்த ஊழியத்தில் இருந்தமையால் குடும்பம் பூனா நகரில், அதாவது இன்றைய புணேயில், வந்து தங்கிற்று. அங்கே வெள்ளைக்காரப் படையதிகாரிகள் ஆடிக் கழித்தெறிந்த பந்தையும் மட்டையையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டனர்.

குடும்பத்திற்கு வருவாய் வேண்டியிருந்தது. பூனாவில் பார்சிகள் நடத்திய ஆட்டச் சங்கம் ஒன்றில் பாலு வேலைக்கு அமர்ந்தார். ஆடுகளத்தைப் பெருக்குவதும், உருளை இழுத்துச் சமன் செய்வதும் அவர் தொழில். மாதச் சம்பளம் 3 ரூபாய். சில காலம் சென்றபின், 1892-ஆம் ஆண்டை ஒட்டி, ஐரோப்பியரின் பூனா கிளப்பிற்கு மாறினார். அங்கே சம்பளம் 4 ரூபாய். களத்திற்கு உருளையிடுதல், வலை கட்டுதல், டென்னிஸ் களத்திற்குக் கோடு போடுதல் ஆகியவை அவருக்கு விதிக்கப்பட்ட பணிகள். பையன் பந்து வீசவும் வல்லவன் என்று கண்ட வெள்ளையர், தங்கள் பயிற்சிக்காக அவரைப் பந்து வீசச் சொன்னார்கள்.

அக்காலத்தில் அவ்வூரில் இருந்த ஐரோப்பியருள் கிரெய்க் என்பவர் மட்டையாட்டத்தில் பெயர் பெற்றவர். அவர் நாள்தோறும் மற்றவர்க்கு முன்னதாகவே வந்து, பாலுவைத் தனியே பந்து வீசச் செய்து பயிற்சி பெறுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பார் என்று கூறுவர். கணக்கிட்டுப் பாருங்கள்: எட்டு முறை அவரை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்துவிடும். இவ்வாறு நூற்றுக்கணக்கான மணி நேரம் பாலு இடக்கையால் மெதுவான சுழற்பந்து வீசினார். பந்தை எங்கே குத்த வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, எதிரே நிற்பவன் கால் எப்போது தடுமாறும் என்ற நுட்பங்கள் எல்லாம் அவ்வலைக்குள்ளே அவர் கைக்கு வந்தன.

ஆனால் ஒன்றை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். அத்தனை ஆண்டுகளிலும் பாலுவின் கையில் ஒரு நாளேனும் மட்டையைக் கொடுத்தாரில்லை. மட்டை பிடித்தல் துரைமார்க்கு உரியது. பந்து வீசுதல் உழைப்பாளிக்கு உரியது என்பது அக்களத்தின் எழுதாத சட்டம். இதனைப் பிற்காலத்தில் பாலு தம் மகனிடம் சொன்னார் என்பர். எதனை அவரிடம் எதிர்பார்த்தார்களோ அதில் அவர் நாட்டிலேயே தலைசிறந்தவர் ஆனார். எதனை எதிர்பார்க்கவில்லையோ அதில் அவர் கை சாதாரணக் கையாகவே நின்றுவிட்டது. முதல்தர ஆட்டங்களில் அவர் வாழ்நாள் கணக்கு என்ன? 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள். விக்கெட் ஒன்றுக்கு 15 ஓட்டங்களுக்குச் சற்று மேல்தான் கொடுத்திருக்கிறார். இது மிக உயர்ந்த கணக்கு. மட்டை பிடித்து அவர் எடுத்தவையோ சராசரி 14 ஓட்டங்களுக்கும் குறைவு. ஒரே உடம்பு, ஒரே கண், ஒரே கை. எனினும் பயிற்சி கிடைத்த பக்கம் மலை, கிடைக்காத பக்கம் மேடு.

பூனா இந்துக்களின் ஆட்டச் சங்கத்தார் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். பாலுவைச் சேர்த்துக்கொண்டால் வெல்லலாம் என்று எல்லாருக்கும் தெரியும். தீண்டப்படாதவரைச் சேர்ப்பதா என்று சங்கத்துள் வழக்கு நிகழ்ந்தது. ஈற்றில் வெற்றியாசை ஆசாரத்தை வென்றது, பாலு சேர்க்கப்பட்டார். ஆயின் எந்த முறையில்? களத்தினுள் அவர் தொட்ட பந்தை மற்றவர் தொடலாம். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் மண்டபத்திற்கு வெளியே நிற்க வேண்டும். மண் குவளையில் தேநீர் தருவார்கள். குடித்தபின் அதனை எறிந்துவிட வேண்டும். உணவும் தனித் தட்டில், தனி இடத்தில். பந்துக்குத் தீட்டில்லை, கோப்பைக்குத் தீட்டுண்டு என்ற இவ்விந்தை நியாயத்தை என்னென்பது!

இந்நிலையில் ஒரு சாதாரண மனிதன் என்ன ஆவான்? நான் இவர்களுக்குச் சமமல்லேன் என்று நாள்தோறும் ஒரு மண் குவளை அவனுக்குச் சொல்லும்போது, அடுத்த பந்தை வீசும் கை நடுங்காதா? பாலுவின் கை நடுங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தம் திறமையை அவர் இந்துச் சங்கத்தார் வாயிலாக அறிந்துகொண்டவர் அல்லர். வலைக்குள் கிரெய்க்கின் விக்கெட் வீழ்ந்ததைத் தம் கண்ணாலேயே கண்டு அறிந்தவர். பிறர் சொல்லால் வந்த நம்பிக்கை பிறர் சொல்லால் போகும். செயலால் வந்த நம்பிக்கை அவ்வாறு எளிதில் போகாது.

பூனா இந்துக்கள் சதாராவிற்குச் சென்று அங்குள்ள ஐரோப்பியரோடு ஆடினர். பாலுவின் சுழற்பந்துக்கு அஞ்சிய எதிரணியார், களத்தைப் பல நாள் உருளையிட்டுக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தனர். அவரோ அக்களத்திலும் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். உருளை இழுத்துப் பிழைத்தவருக்கு, உருளையிட்ட தரையின் குணம் தெரியாதா? அவ்வெற்றிக்குப் பின் பூனாவில் பாராட்டுக் கூட்டங்கள் நிகழ்ந்தன. மகாதேவ கோவிந்த ரானடேயும், பால கங்காதர திலகரும் பாலுவைப் பொதுமேடையில் சிறப்பித்தனர். சேர்ந்து ஆடத் தக்கவர் சேர்ந்து உண்ணவும் தக்கவரே என்ற பேச்சு அதன்பின் எழுந்தது. பீமராவ் அம்பேத்கர் சிறுவயதில் சாக்குத் துணி விரித்து உட்கார்ந்து பள்ளியில் பயின்றது அந்தச் சதாராவில்தான் என்பதும் நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

1896-ஐ ஒட்டிப் பிளேக் நோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். இரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். அங்கும் முதலில் எதிர்ப்பு; பின்னர் இணக்கம். 1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. ஆக 109 ஓட்டங்களில் இந்துக்கள் வென்றனர். ஆளும் இனத்தாரை அவர்களுடைய ஆட்டத்திலேயே வெல்ல இயலும் என்பது நாடெங்கும் பேச்சாயிற்று. அவ்வெற்றியில் பெரும்பங்கு, தேநீரை வெளியே நின்று பருகியவருடைய இடக்கைக்கு உரியது.

1911-ஆம் ஆண்டில் முதன்முறையாக அகில இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. பாட்டியாலா மகாராஜா அதன் தலைவர். அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. ஆனால் பாலுவோ மொத்தம் 114 விக்கெட்டுகள் எடுத்தார்; அவற்றுள் 75 முதல்தர ஆட்டங்களில் எடுத்தவை. லெஸ்டர்ஷையர் அணிக்கு எதிராக மட்டும் 11 விக்கெட்டுகள். தோற்ற அணியில் நின்றும் தளராமல் வீசிய அவரை ஆங்கிலேயர் வியந்தனர். பம்பாயிலே ஒடுக்கப்பட்ட மக்கள் அவர் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழ்ந்தனர். இளைஞராயிருந்த அம்பேத்கரும் பாலுவை உயர்வாக மதித்தவரே.

இத்தகையவர் அணிக்குத் தலைவர் ஆகவேண்டும் அன்றோ? ஆகவில்லை. 1910 முதல் 1920 வரை ஆண்டுதோறும் அவர் பெயர் தலைமைக்குப் பேசப்பட்டது. ஆண்டுதோறும் உயர்சாதியார் ஒருவருக்கே அது சென்றது. வீசுவது இவர் வேலை, ஆள்வது பிறர் வேலை என்ற பழைய பூனாச் சட்டமே இங்கும் வேறு உடை உடுத்து வந்தது. 1920-இல் தலைவர் பய் முதல் ஆட்டத்திற்கு வர இயலாமற் போகவே, பாலுவினும் இளையவரான தேவதர் தலைவராக்கப்பட்டார். பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அப்பொழுதுதான் பல்வங்கர் குடும்பத்தில் புதியதொரு குரல் எழுந்தது. தம்பியரான சிவராமும் விட்டலும், தன்மானத்தை இழந்து ஆடுதல் இயலாது என்று பொதுமக்கள் அறிய அறிவித்து, அணியை விட்டு விலகினர்.

எதிர்ப்பு வலுத்தது. அடுத்து நிகழ்ந்த ஆட்டத்திற்கு பய் திரும்பி வந்தார், பாலு துணைத்தலைவராக்கப்பட்டார், தம்பியரும் சேர்ந்தனர். ஆட்டத்தின் நடுவே பய் சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேற, பாலு அணியை நடத்தினார். நாற்பத்தைந்து வயதளவில், சில நாழிகை நேரம் கிடைத்த தலைமை அது. ஆயினும் 1923-இல் விட்டலே முழுத் தலைவராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். அண்ணன் தம்பியரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே குடியில் பிறந்தவர்கள். ஒரே இழிவைச் சுமந்தவர்கள். அண்ணன் கையில் மட்டை கொடுக்கப்படவில்லை; அவர் மட்டையாளர் ஆகவில்லை. தம்பி விட்டலோ சிறந்த மட்டையாளராகப் புகழ் பெற்றார். ஏன்? விட்டல் ஆடத் தொடங்கியபோது, பல்வங்கர் வீட்டுப் பிள்ளைக்கு இது வருமா என்று கேட்பார் இல்லை. அண்ணன் ஐரோப்பியரை வீழ்த்தியதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். நமக்கும் இது இயலும் என்பது அவருக்கு வீட்டுச் சோற்றோடு ஊட்டப்பட்டது. அண்ணன் பொறுத்துக்கொண்ட அவமதிப்பைத் தம்பியர் பொறுக்கவில்லை. அவர்கள் பிறவியிலேயே துணிந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. தங்களைப் பற்றிய மதிப்பு அவர்களுக்கு வேறு அளவில் அமைந்திருந்தது. விட்டல் தம் ஆட்ட வாழ்வை 1948-இல் மராத்தி மொழியில் நூலாகவும் எழுதி வைத்தார்.

இஃது ஒரு குடும்பத்துக் கதை மட்டுமன்று. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2006-இல் வெளியிட்டனர். உயர்சாதிச் சிறுவர் மூவரும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் மூவருமாக அமர்த்தி, வழி கண்டுபிடிக்கும் புதிர்களைத் தந்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு சாரார்க்கும் திறமையில் வேறுபாடு காணப்படவில்லை. ஒவ்வொருவர் சாதியையும் எல்லார் முன்னும் உரக்கச் சொன்னபின், ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் அவிழ்த்த புதிர்கள் குறைந்துபோயின. அறிவு ஒரு நிமிடத்தில் எங்கே போயிற்று? போகவில்லை. உலகம் தங்களிடம் எதிர்பார்ப்பது இன்னதென்று நினைவூட்டப்பட்டது. அந்நினைவு கையைத் தளர்த்திற்று.

நாம் பஞ்சாலையில் உழைத்தவர்களாதலின் ஆலைச் செய்தி ஒன்றையும் சொல்லுதல் பொருந்தும். பம்பாய் ஆலைகளில் நூற்பு இலாகாவில் நம்மவர் வேலை செய்யலாம். கூலி மிகுந்த நெசவு இலாகாவில் நுழைய விடமாட்டார்கள். நூல் அறுந்தால் நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம்மவர் வாய் பட்ட நாடாவைப் பிறர் தொடமாட்டார்கள். 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இவ்வநீதியை எடுத்துக்காட்டித் தொழிற்சங்கத்தாரிடம் வாதாடினார். தறியருகே விடாமல் வைத்துவிட்டு, பின்னர் இவர்களுக்குத் தறி வேலை தெரியாது என்று பேசுவது எவ்வளவு எளிது! பாலுவுக்கு மறுத்த மட்டையும், நம் பாட்டன்மாருக்கு மறுத்த நாடாவும் ஒன்றே.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். கதிர்களின் இரைச்சலிடையே இருபது ஆண்டு நின்ற நமக்கு, மேடையேறிப் பேசுதல் படித்தவர் வேலை என்ற எண்ணமே இருந்தது. ஓய்வு நேரத்தில் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டும்படி மூத்த தொழிலாளி ஒருவர் நம்மைக் கேட்டார். முதல் நாள் நாக்குக் குழறிற்று, எழுத்துகள் கலங்கின. அவரோ மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். நம்மால் இயலும் என்று அவர் வாயால் ஒருபோதும் புகழ்ந்ததில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். அதனால்தான் இன்று உங்கள் முன் பேசுகிறோம், எழுதுகிறோம்.

பாலுவின் பிற்கால வாழ்வையும் மறைத்தல் தகாது. ஆட்டத்தை விட்டபின் அவர் பொதுவாழ்வில் இறங்கினார். தனித்தொகுதி வழக்கில் சென்னையைச் சார்ந்த எம். சி. ராஜாவோடு சேர்ந்து, அம்பேத்கருக்கு மாறாகக் கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். 1932 செப்டம்பர் 24-இல் எழுதப்பட்ட பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்தே நின்றார். அம்பேத்கர் 13,245 வாக்குகளும், பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். நம்முள் சிலர் இதனைக் கருதி அவர் பெயரைச் சொல்லவும் தயங்குவர். அத்தயக்கம் வேண்டியதில்லை என்பது நம் கருத்து. தகுதியைக் காட்டினால் இந்து சமூகம் கதவைத் திறக்கும் என்பது அவர் வாழ்வு அவருக்குக் கற்பித்த பாடமாகத் தோன்றுகிறது. ஒருமுறை திறந்ததையும் அவர் கண்டிருந்தார். அக்கதவு எவ்வளவு மெதுவாகத் திறந்தது, தலைமை என்னும் உள்ளறைக் கதவு அவருக்குத் திறவாமலே நின்றது என்பதை அம்பேத்கர் கண்டார். பிறர் தரும் மதிப்பை எதிர்நோக்கி நிற்பதைக் காட்டிலும், தன் மதிப்பைத் தானே நிறுவுதல் மேல் என்ற வழியை அவர் காட்டினார். கருத்தில் நாம் அம்பேத்கர் பக்கம். எனினும் பாலுவின் உழைப்பு நம் சொத்து. 1955 ஜூலை 4-இல் பாலு பம்பாயில் காலமானார்.

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? தன்னம்பிக்கை கொள் என்று பிள்ளைக்கு உபதேசம் செய்வதில் பெரும் பயனில்லை. நம்பிக்கை செயலின் பின்னே வருவது. செயலோ வாய்ப்பின் பின்னே வருவது. ஆகவே நம் இல்லங்களில், இது நமக்கு வராது என்ற சொல்லை முதலில் ஒழிப்போம். கணக்கு நமக்கு வராது, ஆங்கிலம் நமக்கு வராது, மேடை நமக்கு வராது என்று நாமே நம் மக்களுக்கு ஏன் மண் குவளையை நீட்ட வேண்டும்? நம் விகாரையில் கூட்டம் நிகழும்போது தலைமையைப் பெரியோர்க்கே வைத்துக்கொள்ளாமல், ஒரு பெண்பிள்ளையையோ பள்ளி மாணவனையோ அமர்த்துங்கள். சங்கத்தின் வரவுசெலவை இளைஞர் கையில் கொடுங்கள். முதல் முறை தவறும். மறு முறையும் கொடுங்கள். பிறப்பு ஒருவனை உயர்த்துவதும் இல்லை, தாழ்த்துவதும் இல்லை. செயலே உயர்த்தும், செயலே தாழ்த்தும் என்பதை ஏற்றுக்கொண்ட நாம், அச்செயலுக்கு இடம் கொடாமல் இருத்தல் முறையாகுமா?

பாலுவின் கையில் ஒருவரும் மட்டையைக் கொடுக்கவில்லை. விட்டலின் கைக்கு அது அண்ணனின் உழைப்பால் வந்தது. நம் வீட்டு விட்டல்களுக்கு அதனைக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.